திரியும் சுருளும்

சென்ற ஆண்டு இலண்டனில் என் பள்ளித் தோழர் ஒருவரின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது, ஒரு மாலை அவர் மேசையின்மேல் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, சுண்டுவிரலின் நுனிக்கணு அளவே இருந்த எஃகு உருளை ஒன்றை அதன்மேல் வைத்து, "இது ஏன் மூன்றே நாளில் கருகிப் போயிற்று, சொல் பார்க்கலாம்" என்றார். முப்பது ஆண்டுக் காலம் சிகரெட் பிடித்து, மருத்துவர் கண்டித்துச் சொன்ன பிறகு அதை விட்டொழிக்கும் எண்ணத்தோடு, அந்நாட்டார் 'வேப்' என்று வழங்கும் மின் சிகரெட்டுக்கு மாறியவர் அவர். அந்த உருளைக்குக் கடைகளில் 'காயில்' என்று பெயர். புதிய காயிலைத் திருகிய முதல் நாள் சுவை நன்றாக இருந்ததென்றும், இரண்டாம் நாள் தொண்டையில் காறல் எடுத்ததென்றும், மூன்றாம் நாள் தீய்ந்த துணியை முகர்ந்தாற்போல் ஆகிவிட்டதென்றும் சொன்னார். அதோடு இன்னொரு சந்தேகத்தையும் கேட்டார்: "தடை குறைந்த காயில்தான் அதிகமாகச் சுடும் என்று கடைக்காரர் சொல்கிறார். தடை மிகுந்தால் வெப்பம் மிகும் என்று நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோமே, அது பொய்யா?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. காயிலின்மேல் பொறித்த ஓம் எண்ணை மட்டும் பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பவர், அரிசியின் அளவை மட்டும் பார்த்து உலை வைப்பவரைப் போன்றவர். தண்ணீரின் அளவும் அடுப்பின் தீயும் சேர்ந்தல்லவா சோற்றின் பதத்தை நிர்ணயிக்கின்றன? அதுபோலவே, கம்பி தரும் உஷ்ணமும், திரி கொண்டுவரும் திரவமும், மூச்சு இழுத்துச் செல்லும் காற்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்போதுதான் இந்தச் சிறு சாதனம் செம்மையாக இயங்குகிறது. மூன்றில் ஒன்று முந்தினாலும் மற்ற இரண்டும் கெடுகின்றன. அந்த ஒத்திசைவின் சூட்சுமத்தை அன்று என் நண்பருக்குச் சொன்னபடியே இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் அந்த உருளையைக் கத்தி முனையால் பிளந்து பார்த்தோம். நடுவே காற்று செல்லும் குறுகிய வழி. அதைச் சுற்றி ஆறு சுற்றுக் கம்பி. கம்பியைப் போர்த்திய பஞ்சு. பஞ்சைப் போர்த்திய எஃகுக் கூடு. கூட்டின் விலாவில் திரவம் உள்ளே புகுவதற்கான துளைகள். பஞ்சின் வெளிப்புறம் வைக்கோல் நிறத்தில் இருந்தது. கம்பியை ஒட்டிய உட்புறமோ கரிந்து, விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தது. கம்பியின்மேல் பாகு முறிந்து அடிப்பிடித்த பாத்திரத்தில் காண்பது போன்ற கறுத்த படலம் ஏறியிருந்தது. கூட்டின் வெளிப்புறத்தில், 0.8 ஓம் என்றும் 12 முதல் 16 வாட் என்றும் மெல்லிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். கருவியை எத்தனை வாட்டில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஆவி நிறைய வரட்டும் என்று 25-இல் வைத்திருந்ததாக நண்பர் சொன்னார். அப்போதே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் விடையைக் காட்டிலும் அதன் காரணம் சுவையானது.

நம் வீட்டு அகல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் தோய்ந்த பஞ்சுத் திரி, நுண்ணிய இழைகளின் இடுக்குகள் வழியே எண்ணெயை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது, எரிவது எண்ணெய். எண்ணெய் வந்துகொண்டிருக்கும் வரையில், தீயின் உஷ்ணம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், திரி மெல்ல மெல்லத்தான் தேய்கிறது. எண்ணெய் வற்றிய மறுகணமே அந்த உஷ்ணம் முழுவதும் திரியின்மேல் பாய, அது கருகிப் புகைகிறது. வேப் கருவியிலும் இதே நியதிதான் ஆட்சி செய்கிறது. ஒரே வேற்றுமை, இங்கே சுடர் கிடையாது என்பதே. சுடரின் இடத்தில் மின்சாரத்தால் சூடேறும் கம்பிச்சுருள் இருக்கிறது. எண்ணெயின் இடத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்து, நிக்கோட்டினும் வாசனைப் பொருளும் சேர்த்த ஒரு திரவம் இருக்கிறது. கம்பி சுட்டதும் திரவம் ஆவியாகி, குளிர்ந்த காற்றோடு கலந்து, நுண்துளிகளாகத் திரண்டு வெண்மூட்டமாகத் தெரிகிறது. இழுக்கும்போது 900 டிகிரி செல்சியஸை எட்டக்கூடிய சிகரெட் கங்கோடு ஒப்பிட்டால், திரவம் தோய்ந்த சுருளின் உஷ்ணம் சுமார் 200 முதல் 250 டிகிரிதான். புகையிலை எரியும்போது பிறக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இங்கே பிறக்காமைக்குக் காரணம் இந்த வேற்றுமையே.

புகையில்லாச் சிகரெட் என்னும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-இல் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கோரி 1965-இல் அதைப் பெற்றும், அது கடைக்கு வரவில்லை. சீன மருந்தியலாளர் ஹோன் லிக் 2003-இல் உருவாக்கிய கருவியே உலகெங்கும் பரவியது. அவர் முதலில் திரவத்தைத் துளிகளாக்கக் கையாண்டது கேளா ஒலியின் அதிர்வை; பிற்பாடு எளிமையும் மலிவும் காரணமாகக் கம்பிச்சுருளே நிலைபெற்றது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்திருக்கிறது. ஆகையால் இக்கட்டுரையில் தேர்வு பற்றி நான் சொல்லும் யோசனைகள் யாவும், பிரிட்டனைப் போலச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், சிகரெட்டை விடுவதற்காக இதைக் கைக்கொண்ட வயது வந்தவர்களைக் குறித்தவையே.

இனி நண்பரின் பள்ளிக்கூடச் சந்தேகத்துக்கு வருவோம். மின்னோட்டம், மின்னழுத்தம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. பிறகு இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பமொன்றில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், கண்ணாடிக் குழலொன்றில் கம்பியைச் சுருளாகச் சுற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தி, தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறதென்று வெப்பமானியால் பொறுமையோடு அளந்து, 1841-இல் தம் முடிவை உலகுக்கு அறிவித்தார். ஓட்டத்தின் இருமடி, தடை, நேரம் ஆகிய மூன்றின் பெருக்கத்துக்கு ஏற்ப வெப்பம் பிறக்கிறது என்பதே அம்முடிவு. திரவத்தில் தோய்ந்த கம்பிச்சுருள் ஒன்றே அந்த விதி பிறந்த தொட்டில் என்பதை நினைக்கும்போது, என் நண்பரின் மேசைமேல் கிடந்த உருளைக்கும் அந்தக் கண்ணாடிக் குழலுக்கும் உள்ள உறவு விளங்கும்.

ஜூலின் விதியை மட்டும் பார்த்தால் தடை மிகுந்தால் வெப்பம் மிகும் என்பது உண்மையே; ஆனால் ஓட்டம் மாறாதிருக்கும்போதுதான் அது உண்மை. பேட்டரியோ ஓட்டத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. அது ஏறக்குறைய நிலையாக வைத்திருப்பது அழுத்தத்தை. முழுதும் சார்ஜ் ஏறிய லித்தியம் அயான் பேட்டரியின் அழுத்தம் 4.2 வோல்ட். அதனோடு 1 ஓம் சுருளை இணைத்தால் 4.2 ஆம்பியர் ஓடுகிறது. வெப்பம் சுமார் 17.6 வாட். தடையைப் பாதியாக்கி அரை ஓம் சுருளை இணைத்தால் ஓட்டம் இரட்டித்து 8.4 ஆம்பியர் ஆகிறது. ஓட்டத்தின் இருமடி நான்கு மடங்காக உயர, தடையின் குறைவு அதில் பாதியை மட்டுமே தின்றுவிடுவதால், வெப்பம் இரட்டித்து 35 வாட்டைத் தாண்டுகிறது. கடைக்காரர் சொன்னதும் சரி, ஆசிரியர் சொன்னதும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லாததால் வந்த மயக்கம் அது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியை இதனோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் பெட்டியின் தடை சுமார் 53 ஓம். அதில் பாயும் ஓட்டம் 4.3 ஆம்பியர். ஆக, வேட்டி தேய்க்கும் பெட்டியிலும் ஒரு ஓம் காயிலிலும் பாயும் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றே!

ஆனால் இன்றைய கருவிகளில் பெரும்பாலானவற்றில் பேட்டரிக்கும் காயிலுக்கும் இடையே ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. எத்தனை வாட் வேண்டுமென்று நாம் குறித்துவிட்டால், காயிலின் தடையை அது தானே அளந்தறிந்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் அந்த வாட்டைத் தந்துவிடுகிறது. அப்படியானால் ஓம் எண்ணுக்கு இனி என்ன வேலை? மொத்த வெப்பத்தை அது நிர்ணயிப்பதில்லை என்றால், காயிலுக்குக் காயில் வேற்றுமை எதனால் வருகிறது? இந்த இடத்தில்தான் கம்பியின் உடலையே ஆராய வேண்டியிருக்கிறது.

சூடேற்றும் கம்பிக்கு இரண்டு குணங்கள் அவசியம். ஒன்று, மின்னோட்டத்தை நன்றாகத் தடுக்க வேண்டும். மற்றொன்று, பழுக்கக் காய்ந்தாலும் காற்றால் அரிக்கப்படாதிருக்க வேண்டும். செம்புக்கு முதல் குணமில்லை. சாதாரண இரும்புக்கு இரண்டாவது இல்லை. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து, 1906-இல் காப்புரிமை பெற்ற நைக்குரோம் என்னும் உலோகக் கலவைதான் மின்னடுப்பு, ரொட்டி வாட்டும் கருவி முதலியவற்றையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. அதன்பின் சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோவ், இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து காந்தால் என்னும் கலவையை ஆக்கி, ஹால்ஸ்டாஹம்மார் என்ற ஊரில் 1931-இல் அதற்கென ஒரு தொழிலகம் நிறுவினார். இது செம்பைப்போல் எண்பது மடங்குக்கு மேல் தடை தருவது, நிக்கல் கலவாதது, ஆதலால் நிக்கல் ஒவ்வாத உடம்புக்காரர்கள் நாட வேண்டிய கம்பியும் இதுவே. காந்தால் முதன்முறை பழுக்கச் சூடேறும்போது அதிலுள்ள அலுமினியம் காற்றின் பிராணவாயுவோடு கூடி, மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடாக ஒரு மெல்லிய தோலைப் போர்த்துக்கொள்கிறது. மாணிக்கமும் நீலமும் எந்தப் பதார்த்தத்தால் ஆனவையோ அந்தப் பதார்த்தமே அது. கம்பி தன்னைத் தானே இரத்தினக் கவசத்தால் காத்துக்கொள்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாவதாகத் துருவேறா எஃகு. இதன் விசேஷம் வேறு. காந்தாலின் தடை சூட்டாலும் குளிராலும் அதிகம் மாறுவதில்லை. ஆனால் 316 என்னும் எஃகின் தடை, சூடு ஏற ஏறத் தானும் ஏறுகிறது. அறையின் உஷ்ணத்தில் 0.50 ஓம் காட்டும் எஃகுச் சுருள், 200 டிகிரி மேலே போனதும் 0.59 ஓம் அளவில் காட்டும். இந்தச் சிறு ஏற்றத்தை வெப்பமானியாகக் கொண்டு, திரவம் வற்றிச் சுருள் அளவு மீறிச் சூடேறத் தொடங்கியதுமே மின்சாரத்தைக் குறைத்துவிடும் கருவிகள் உண்டு. தூய நிக்கலும் டைட்டேனியமும் இந்தக் குணத்தில் எஃகையும் விஞ்சியவை. எனினும் அவற்றைத் திரவமில்லாமல் பழுக்கக் காய்ச்சலாகாது என்பதால், புதியவர்கள் அவற்றை நாடாதிருப்பதே நலம்.

உலோகத்தைத் தேர்ந்த பின், அதன் நீளமும் பருமனும் வருகின்றன. கம்பி நீண்டால் தடை நீளத்துக்கு நேராக ஏறும். பருத்தால், குறுக்குப் பரப்பு மிகுவதால், இறங்கும். நண்பரின் காயிலையே கணக்கிட்டுப் பார்த்தோம். 0.4 மில்லிமீட்டர் பருமனுள்ள காந்தால் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 11.5 ஓம். 3 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஆறு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர், இரண்டு கால்களுக்கும் சேர்த்துப் பத்து மில்லிமீட்டர் கூட்டினால் 74, தடை 0.85 ஓம் வருகிறது. உருளையின் விலாவில் பொறித்த எண்ணோடு இது நெருங்கி நிற்கக் கண்டு நண்பர் சிறு பிள்ளையைப்போல் மகிழ்ந்தார்.

இப்போது ஓம் எண் மறைக்கும் இரகசியத்தைச் சொல்கிறேன். 0.4 மில்லிமீட்டர் கம்பியில் பத்து சென்டிமீட்டர் எடுத்தால் 1.15 ஓம். பருமன் பாதியான 0.2 மில்லிமீட்டர் கம்பியில் இரண்டரை சென்டிமீட்டர் எடுத்தாலும் அதே 1.15 ஓம்தான். பேட்டரியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே அழுத்தத்தில் இரண்டும் ஒரே வாட்டைத் தரும். ஆனால் திரவத்தைத் தொடும் மேற்பரப்பை அளந்தால், முதலாவது இரண்டாவதைப்போல் எட்டு மடங்கு. உலோகத்தின் கனமோ பதினாறு மடங்கு. ஒரே உஷ்ணம் ஒன்றில் அகன்ற தோசைக்கல்லின்மேல் பரவுகிறது. மற்றொன்றில் ஊசி முனையில் குவிகிறது. அகன்றது மெதுவாகச் சூடேறி மென்மையாக ஆவியெழுப்பும். குவிந்தது கண்ணிமைப்பில் சூடேறி, திரவம் கொஞ்சம் பிந்தினாலும் திரியைச் சுட்டுவிடும். எனவே காயிலின் குணத்தை அறிய வேண்டுமானால், வாட்டைக் கம்பியின் மேற்பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். நண்பரின் காயிலில் சுருண்ட பகுதியின் மேற்பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர். 15 வாட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விழுந்திருக்கும். அவர் வைத்த 25 வாட்டில் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. அந்தச் சிறு திரி அந்த வேகத்துக்குத் திரவம் இறைக்க முடியாமல் தோற்றது.

மேற்பரப்பைப் பெருக்குவதற்காகவே கைத்தேர்ச்சியுள்ளவர்கள் பல வடிவங்களைக் கண்டிருக்கிறார்கள். தடித்த கம்பியைச் சுற்றி மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிப் பின் அதைச் சுருளாக்குவது ஒரு வகை. கிட்டாரின் தடித்த தந்தியைப்போல் தோன்றுவதால் புகழ்பெற்ற கிட்டார் கலைஞரின் பெயரால் அதைக் கிளாப்டன் என்கிறார்கள். சுற்றுகளின் இடுக்குகளில் திரவம் தங்குவதால் சுவை கூடும். உலோகம் மிகுதியாதலால் சூடேறச் சற்று நேரம் பிடிக்கும். இன்று கடைகளில் பெரிதும் விற்பது மெஷ் என்னும் வலைத்தகடு. கம்பிக்குப் பதிலாக, துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகட்டைக் குழலாக வளைத்துப் பஞ்சின்மேல் பொருத்திவிடுகிறார்கள். கனம் குறைவு, பரப்பு அதிகம் என்ற இரண்டு நன்மைகளும் ஒன்றாகக் கூடுவதால், அது விரைந்தும் சீராகவும் சூடேறுகிறது. ஆனால் திரவத்தையும் விரைந்து குடிக்கிறது.

கம்பியின் கதை இவ்வளவென்றால், திரியின் கதை அதற்கு இளைத்ததன்று. புரோப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது. 188 டிகிரியில் கொதிப்பது. பஞ்சில் எளிதாக ஏறுவது. வாசனையை நன்கு சுமப்பது. கிளிசரின் தேனைப்போல் கொழுத்தது, 290 டிகிரியில் கொதிப்பது, வெண்மூட்டத்தை மிகுவிப்பது. இரண்டும் சரிபாதியாகக் கலந்த திரவத்தைச் சிறு துளையுள்ள காயில் தாராளமாக இழுத்துக்கொள்ளும். கிளிசரின் எழுபது பங்கான கொழுத்த திரவத்தை அதே காயிலில் ஊற்றினால், துளைகள் வழியே அது ஊர்ந்து வருவதற்குள் திரி வறண்டுவிடும். மாறாக, நீர்த்த திரவத்தைப் பெருந்துளைக் காயிலில் ஊற்றினால், வேண்டியதற்கு மேல் உள்ளே புகுந்து, வாயில் தெறிக்கும், அடியில் ஒழுகும். புதிய காயிலைப் பொருத்தும்போது பஞ்சின்மேல் நாலைந்து சொட்டு விட்டு நனைத்து, தொட்டியை நிரப்பி, ஐந்து முதல் பத்து நிமிஷம் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகவே. உலர்ந்த பஞ்சு ஒரே ஒரு முறை கருகினாலும் போதும். அதன்பின் எவ்வளவு திரவம் ஊற்றினாலும் அந்தத் தீய்ந்த வாடை அதைவிட்டுப் போகாது. இனிப்பூட்டிய திரவங்களில் சேர்க்கும் சுக்ரலோஸ் சூட்டில் சிதைந்து கம்பியின்மேல் பாகாகப் படிவதால், இனிப்புப் பிரியர்களின் காயில்கள் சீக்கிரமே மாள்கின்றன.

மூன்றாவது மூச்சு. சிகரெட் பிடித்துப் பழகியவர்கள் முதலில் வாயில் நிறைத்துப் பின்பு நெஞ்சுக்குள் இழுப்பார்கள். இதற்கு ஒடுங்கிய காற்றுவழியும், 0.8 முதல் 1.5 ஓம் வரையுள்ள காயிலும், 10 முதல் 18 வாட் வரையுள்ள உஷ்ணமும், சரிபாதித் திரவமும் பொருந்தும். வேறு சிலர் ஹூக்காவைப்போல் நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். அதற்கு அரை ஓமுக்கும் குறைந்த மெஷ் காயிலும், 40 வாட்டுக்கு மேற்பட்ட உஷ்ணமும், அகன்ற காற்றுவழியும், கொழுத்த திரவமும் வேண்டும். வேகமாகப் பாயும் காற்றே சுருளைக் குளிர்விப்பதால், இந்த வகைக் காயிலில் மென்மையாக இழுப்பது கூடாது. ஒரு மூச்சில் ஆவியாகும் திரவம் இரண்டாம் முறையில் பல மடங்கு அதிகம். ஆகவே முதல் முறைக்கு ஏற்ற நிக்கோட்டினை இரண்டாம் முறைக்குக் கொண்டுசென்றால் தலை சுற்றும், குமட்டும். பிரிட்டனில் 2016 முதல் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்பதே நிக்கோட்டினுக்கு உச்ச வரம்பு. வாயில் நிறைத்து இழுப்பவர்கள் அந்த வரம்புக்குள் தமக்குப் போதுமானதைத் தெரிந்துகொள்ளலாம். நேரே இழுப்பவர்களுக்கு 3 அல்லது 6 மில்லிகிராமே மிகுதி. சிகரெட்டை இப்போதுதான் விட்டவர்களுக்கு நான் முதல் முறையையே சொல்வேன். பழகிய மூச்சின் போக்கு மாறாதிருப்பதோடு, உஷ்ணமும் திரவச் செலவும் குறைவாக இருப்பது அதன் நன்மை.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லு இல்லாமல் பேட்டரியையும் காயிலையும் நேரே இணைக்கும் கருவிகளும் உண்டு. அவற்றில் ஓமின் விதியே ஒரே காவல். 0.1 ஓம் காயில் 4.2 வோல்ட்டில் 42 ஆம்பியரைக் கேட்கும். 18650 என்னும் அளவுள்ள பேட்டரிகளில் நல்லவைகூட இடைவிடாமல் தரக்கூடியது 20 முதல் 30 ஆம்பியர்தான். அளவு மீறி உறிஞ்சினால் பேட்டரி கொதித்து வெடிக்கவும் கூடும். கையால் காயில் சுற்றும் கலையில் இறங்குபவர்கள், ஓம் அளக்கும் மானியின்றி ஒரு சுற்றுகூடச் சுற்றலாகாது. மேலுறை கிழிந்த பேட்டரியைத் தொடவும் கூடாது.

திரி கருகுவது சுவையைக் கெடுப்பதோடு நின்றுவிட்டால் நான் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன். கிளிசரினும் கிளைக்காலும் அளவு மீறிய உஷ்ணத்தில் சிதைந்து, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் முதலிய நச்சுப் பொருள்களாக மாறுகின்றன. 2015-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரே கருவியை இரண்டு அழுத்தங்களில் ஓட்டிப் பார்த்தபோது, 3.3 வோல்ட்டில் அவர்களுக்கு அகப்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மம் 5 வோல்ட்டில் மிகுதியாக அகப்பட்டது. அந்த உயர்ந்த அழுத்தத்தில் திரி வறண்டு தீய்ந்த சுவை வந்திருக்கும், எந்த மனிதனும் அதை இழுத்திருக்க மாட்டான் என்று வேறு சிலர் மறுத்தார்கள். இரு கட்சியாரும் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு: உஷ்ணம் திரவத்தை முந்தும்போதுதான் தீங்கு பெருகுகிறது. நாக்கில் தட்டும் தீய்ந்த சுவை, உடம்பு நமக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி. கம்பியிலிருந்தும் ஓரளவு உலோகம் ஆவியோடு வருகிறது என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018-இல் காட்டினார்கள். புட்டியிலிருந்த திரவத்தில் அற்பமாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை, சுருளைத் தொட்டு வந்த ஆவியில் மிகுந்திருந்தன. எனவே கறுத்த காயிலைச் சிக்கனம் கருதிப் பல வாரம் ஓட்டுவது பொய்ச் சிக்கனம்.

பிரிட்டிஷ் மருத்துவர்களின் பழம்பெரும் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், சிகரெட்டைவிட இது மிகக் குறைந்த தீங்குடையது என்று கருத்துரைத்தது. குறைந்த தீங்கு என்பதைத் தீங்கின்மை என்று யாரும் வாசித்துவிடலாகாது. நிக்கோட்டின் மனிதனைக் கட்டிப்போடும் பொருள். பல்லாண்டுகள் இந்த ஆவியை இழுப்பதன் பலன் இனிமேல்தான் தெரிய வேண்டியிருக்கிறது. புகைக்கும் வழக்கமே இல்லாதவர்களுக்கும், முக்கியமாக இளைஞர்களுக்கும், ஏற்ற காயில் என்று ஒன்று கிடையாது. எல்லா ஓம்களும் அவர்களுக்கு ஆகாதவையே. கொல்லும் புகையிலிருந்து கரையேறத் துடிப்பவனுக்கு இது ஒரு தெப்பம். கரையில் நிற்பவன் தெப்பத்தில் ஏறி நடுக்கடலுக்குப் போக வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நண்பர், புதிய காயில் ஒன்றை எடுத்து, தம் கருவிக்கு உரியதுதானா என்று பார்த்து, துளைகளில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு நனைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு 12 வாட்டில் தொடங்கி ஒவ்வொரு வாட்டாக ஏற்றி, 14-இல் சுவை கரகரக்கக் கண்டு 13-க்கு இறக்கி, அங்கேயே நிறுத்திக்கொண்டார். கரி சிந்திய வெள்ளைத் தாளின் ஓரத்தில், தேதியைப் போட்டு, 13 வாட், 12 மில்லிகிராம் என்று இரண்டு எண்களை எழுதி வைத்தார்.

ஊர் திரும்பி ஆறு மாதத்துக்குப் பின் அவரிடமிருந்து கடிதம் வந்தது. காயில் இப்போது இரண்டு வாரம் நிற்கிறதாம். கடிதத்தின் அடியில் அதே இரண்டு எண்களை மறுபடியும் எழுதியிருந்தார். முதலாவது மாறவில்லை, இரண்டாவது 6 ஆகியிருந்தது.